உங்களுக்குத் தெரியுமா? ஓட்டும் தென்சென்னையும்

● 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர் தொகுதியில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் 137 ஓட்டு. அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே மிகக் குறைந்த வித்தியாசம் இதுதான். தீபாவளி நேரத்தில் ரங்கநாதன் தெருவில் ஒரே ஒரு துணிக்கடைக்குள் இதைவிடக் கூட்டம் இருக்கும்!

● தி.நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர், தேடி வந்த பதவியை வேண்டாம் என்றவர். 1920-ல் சென்னை மாகாணத்தின் முதல் சட்டசபைத் தேர்தலில் அவருடைய நீதிக் கட்சி வென்றது. முதல் மந்திரி ஆகும்படி அழைப்பு வந்தும் அவர் ஏற்கவில்லை. அன்றைக்கு ஓட்டு, சொத்தும் வரி ரசீதும் உள்ளவர்களுக்கு மட்டும்தான். சுமார் 4 கோடி மக்களில் வாக்காளர்கள் 12 லட்சம் சொச்சம் பேர்.

● இந்தியப் பெண்களின் ஓட்டுரிமைக் குரலுக்கு அடையாறு ஒரு தாய்வீடு. 1917-ல் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா முதலியோர் இந்திய மாதர் சங்கத்தை அங்கே தொடங்கினார்கள். அதே வருஷம் டிசம்பரில், சென்னைக்கு வந்த இந்திய விவகார மந்திரி மாண்டேகுவை சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு நேரில் பார்த்து ஓட்டுரிமை கேட்டது.

● கேட்டது வீண் போகவில்லை. 1921-ல் சென்னை சட்டசபை பெண்களுக்கு ஓட்டுரிமை தரத் தீர்மானம் போட்டது. இந்திய மாகாணங்களில் இதுவே முதல். அமெரிக்கா முழுக்கப் பெண்களுக்கு அந்த உரிமை அரசியல் சட்டப்படி உறுதியானது 1920 ஆகஸ்டில். ஒரு வருஷம்கூட இடைவெளி இல்லை!

● சென்னை சட்டசபையில் துணைத் தலைவராக இருந்து, தேவதாசி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உருவாக்கியவைதான் அடையாறின் அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும்.

● அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் மயிலாப்பூர்வாசி. படிக்காதவருக்கும் ஓட்டா என்று பலர் தயங்கிய காலத்தில், சாதாரண மனிதர்மேல் நம்பிக்கை வைத்துத்தான் எல்லாருக்கும் ஓட்டு கொடுத்திருக்கிறோம் என்று 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் பேசினார். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலோ, எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் கறுப்பின மக்களைத் திருப்பி அனுப்புவதற்கு 1965 சட்டம்தான் முடிவு கட்டியது.

● தென்சென்னை பார்க்காத பிரபலம் இல்லை. 1967-ல் இங்கே எம்.பி.யாக ஜெயித்த அண்ணா, முதலமைச்சர் ஆனதும் அதை விட்டுவிட்டார். இடைத்தேர்தலில் வந்தவர் முரசொலி மாறன். 1977, 1980-ல் ஆர்.வெங்கட்ராமன். அவர் பின்னாளில் குடியரசுத் தலைவர். 1984, 1989-ல் நடிகை வைஜெயந்திமாலா.

● விரலில் வைக்கும் மை மைசூரில் தயாராகிறது. 1962 தேர்தலிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இடது ஆள்காட்டி விரலில், நகத்து நுனியில் தொடங்கி முதல் கணு வரை ஒரே இழுப்பு. அதில் இருக்கும் சில்வர் நைட்ரேட் தோலோடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கருக்கும். அப்புறம் சோப்பு, எலுமிச்சை எதற்கும் அசையாது. நகம் வளர்ந்துதான் போக வேண்டும்.

● நமக்கு ஓட்டுப் போடச் சம்பளத்தோடு லீவு உண்டு. அமெரிக்காவில் 1845-ல் போட்ட சட்டப்படி இன்றும் நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமைதான் தேர்தல். நாடு முழுக்க விடுமுறை கிடையாது. வேலைக்குப் போகிற வழியிலோ, திரும்பும் வழியிலோ வரிசையில் நிற்கிறவர்கள் ஏராளம்.

● உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டுவிட்டால், பூத்திலிருந்து புலம்பிக்கொண்டே திரும்ப வேண்டியதில்லை. நீங்கள்தான் அந்த நபர் என்று நிரூபித்தால், 49பி விதிப்படி உங்களுக்கு வாக்குச்சீட்டு தர வேண்டும். அதைத் தனி உறையில் வைப்பார்கள். வழக்கு என்று வந்து நீதிமன்றம் சொன்னால் எண்ணப்படும். 'சர்கார்' படம் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

● இத்தனை பெருமை இருந்தும், 2024 மக்களவைத் தேர்தலில் மாநிலம் சுமார் 70 சதவீதம் ஓட்டுப் போட்டபோது தென்சென்னை 54-ஐத் தாண்டவில்லை என்றே சொல்லலாம். 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையின் கணக்கு இன்னும் மோசம்: சுமார் 44. குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என்று தினமும் அலுத்துக்கொள்கிறோமே, அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது.

● வாடகை வீடு மாறுகிறவர்களே, கேஸ் இணைப்பை மாற்றும்போதே படிவம் 8-ஐக் கொடுத்து ஓட்டையும் புது முகவரிக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் 18 வயது நிறைந்த பிள்ளை இருந்தால் படிவம் 6. சந்தேகமா? 1950-க்குப் போன் போடுங்கள். 137 ஓட்டில் ஒரு தொகுதி முடிவான ஊர் இது; உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.