காடு அழிந்த இடத்தில் நோய் குடியேறும்



"சாலமன் தீவுகளில் நடப்பது நமக்கென்ன?" என்று கேட்பீங்க. அங்கே காடு வெட்டும் கம்பெனிகளில் பல மலேசியாவைச் சேர்ந்தவை. முகாம்களில் வேலை செய்பவர்களிலும் நம் நாட்டுக்காரர் உண்டு. அதனால்தான் சொல்கிறோம்.

1978இல் சுதந்திரம் பெற்ற ஏழை நாடு அது. 2017இல் மட்டும் 30 லட்சம் கன மீட்டருக்கு மேல் மரம் கப்பலேறியது, பெரும்பகுதி சீனாவுக்கு. காடு தாங்கும் அளவைவிட இது பல மடங்கு. உரிம எல்லையைத் தாண்டி வெட்டுவதும் நடக்கிறது.

மரம் மட்டுமா போகிறது? மண் கரைந்து ஆறு கலங்கும், குடிதண்ணீர் கெடும், மீன் குறையும். ஒரு பக்கம் காசில்லாத கிராமம். மறுபக்கம் குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் தங்கும், கையில் சம்பளம் உள்ள ஆண்கள். சமையல் வேலை, துணி துவைக்கும் வேலை என்று பெண்பிள்ளைகளைக் கூப்பிடுவாங்க. அப்புறம் காசு, அரிசி, சாராயம்! மக்கிரா தீவின் அரோசி வட்டாரத்தில் மெலனீசியத் திருச்சபையின் காப்பகம் ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கை, சிறுமிகளும் இதில் சிக்கியதை எடுத்துச் சொன்னது. இதைத் 'தொழில்' என்று சொல்லலாமா? குழந்தையின் வறுமையை விலை பேசும் குற்றம் இது.

இனி உடம்பைப் பார்ப்போம். வெட்டை நோய், கிளாமிடியா இரண்டும் பெண்களில் பலருக்கு அறிகுறி காட்டாமலே உள்ளே இருக்கும். கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைபட்டுப் பிள்ளைப்பேறே இல்லாமல் போகலாம். கிரந்தி நோயில் வரும் புண் வலிக்காது, தானே ஆறிவிடும். "சரியாப் போச்சு"ன்னு நினைக்காதீங்க! கிருமி இரத்தத்தில் இருக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை இறந்தே பிறக்கலாம். இரத்தச் சோதனையில் கண்டுபிடித்து, பென்சிலின் ஊசியால் குணமாக்கலாம்.

ஆகவே, தூரத்து வேலைக்குப் போய் வந்தவர் சந்தேகம் இருந்தால் வெட்கப்படாமல் கிளினிக்குக்குப் போங்க. மருந்தைப் பாதியில் நிறுத்தாதீங்க. துணைவருக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். ஆணுறை பெரும்பாலான தொற்றைத் தடுக்கும்.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. ஆணுறை நோயைத் தடுக்கும், குற்றத்தை மறைக்காது. 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள்தான். வெளிநாட்டில் குழந்தைக்குப் பாலியல் கொடுமை செய்யும் மலேசியக் குடிமகனை இங்கேயே விசாரிக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

லயத்தில் வளரும் நம் பெண்பிள்ளை நமக்கு எப்படியோ, அந்தத் தீவுப் பிள்ளையும் அவள் தாய்க்கு அப்படித்தான். காடு வேலைக்குப் புறப்படும் தம்பிமாரிடம் இதைச் சொல்லி அனுப்புங்க.