எடை குறைப்போரை இடறச் செய்யும் உப்புத் தீனி

உடல் எடையைக் குறைத்துக்கொள்ளுமாறு வைத்தியர் கூறிவிட்டால் எம்மவர்கள் முதலில் கைவைப்பது சீனியிலும் சோற்றிலும்தான். பால் தேநீர் வெறுந்தேநீராகின்றது. இரவுச் சோறு இரண்டு அகப்பையிலிருந்து ஒன்றாகக் குறைகின்றது. பிறந்தநாள் கேக் துண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போய்ச் சேருகின்றது. ஆயினும் மாலைத் தேநீருடன் வரும் கடலை வடையையோ, இரவில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தவாறு கொறிக்கும் மிக்சரையோ எவரும் கணக்கில் எடுப்பதில்லை. இனிப்பு இல்லையே, அதில் என்ன இருக்கின்றது என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும்.

எமது அனுபவமும் இதுவே. சில ஆண்டுகளுக்கு முன்னர் இரத்த அழுத்தம் அதிகரித்திருப்பதாகக் கூறப்பட்டு, எட்டுக் கிலோ எடையைக் குறைக்குமாறு எமக்கு ஆலோசனை வழங்கப்பட்டது. சீனியை நிறுத்தினோம். சோற்றைக் குறைத்தோம். அதிகாலையில் காலிமுகத்திடலில் நடந்தோம். மூன்று மாதங்கள் கடந்தும் தராசு அசையவில்லை. பின்னர்தான், பத்திரிகையின் முன்பக்கம் முடிவடையும் இரவு வேளையில் ஆசிரியபீடத்தில் மேசைக்கு மேசை சுற்றிவரும் மிக்சர் பக்கற் எமது நினைவுக்கு வந்தது. அதிலிருந்து எவ்வளவு உட்கொண்டோம் என்று எவராவது கேட்டிருந்தால் 'ஒரு பிடி' என்றே பதிலளித்திருப்போம். உண்மையில் நான்கைந்து பிடிகள் இருந்திருக்கும். நூறு கிராம் மிக்சரில் ஏறத்தாழ ஐந்நூறு கலோரி உண்டு. ஐம்பது கிராம் உட்கொண்டாலே காலையில் ஒரு மணித்தியாலம் நடந்து செலவிட்டதெல்லாம் வட்டியுடன் திரும்பி வந்துவிடும்.

இங்கு ஒரு தெளிவு அவசியம். உப்பில் கலோரி கிடையாது. உப்பினால் கொழுப்பு உண்டாவதில்லை. எனினும் அது இரண்டு வழிகளில் எடை குறைப்போரை ஏமாற்றுகின்றது.

முதலாவது, தண்ணீர். எமது உடலில் கலங்களுக்கு வெளியேயுள்ள திரவம் லீற்றருக்கு ஏறத்தாழ ஒன்பது கிராம் உப்பு என்ற செறிவுக்கு ஒப்பாகவே பேணப்படுகின்றது. வைத்தியசாலைகளில் ஏற்றப்படும் சேலைனும் இதே செறிவில் தயாரிக்கப்படுவதுதான். எனவே ஒரே மாலையில் நான்கைந்து கிராம் உப்பு மேலதிகமாக உட்சென்றால், அதனைச் சமப்படுத்த உடல் அரை லீற்றர் வரையிலான தண்ணீரைத் தற்காலிகமாகத் தடுத்து வைத்துக்கொள்ளக்கூடும். மறுநாள் காலையில் தராசு அரைக் கிலோ கூடுதலாகக் காட்டும். ஒரு வாரம் பட்ட பாடு வீணாயிற்று என மனமுடைந்து முயற்சியையே கைவிட்டவர்களை நாம் அறிவோம். அந்த அரைக் கிலோ வெறும் தண்ணீர். ஓரிரு நாட்களில் சிறுநீரகங்கள் அதனை வெளியேற்றிவிடும் என்பதை எவரும் அவர்களுக்குக் கூறவில்லை.

இரண்டாவதே பாரதூரமானது. உப்பு தனியே வருவதில்லை. எண்ணெயையும் மாவையும் அழைத்துக்கொண்டு வருகின்றது. முறுக்கு, பகோடா, மரவள்ளிப் பொரியல், உருளைக்கிழங்குப் பொரியல், ரோல்ஸ், பற்றிஸ் என எதனை எடுத்தாலும் இக்கூட்டணியே காணப்படுகின்றது. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 ஆம் ஆண்டில், மனிதர்கள் உண்ணத் தொடங்கினால் நிறுத்த இயலாத உணவுகள் எவை என்பதற்கு எண்களால் வரைவிலக்கணம் வகுத்தனர். கொழுப்பும் உப்பும் குறித்த அளவுக்கு மேல் சேர்ந்தவை, கொழுப்பும் சீனியும் சேர்ந்தவை, மாச்சத்தும் உப்பும் சேர்ந்தவை என மூன்று வகைகளை அவர்கள் இனங்கண்டனர். மூன்றில் இரண்டு வகைகளில் உப்பு இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. வெறும் உப்பை எவரும் அள்ளி உண்பதில்லை. உப்பில்லாத அவித்த கிழங்கையும் எவரும் மூன்றாவது தடவை கேட்பதில்லை. இரண்டையும் எண்ணெயில் சேர்த்துவிட்டால் கை தானாக நீளுகின்றது.

அதே ஆண்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகத்தில் கெவின் ஹோல் தலைமையில் நடத்தப்பட்ட பரிசோதனையையும் இங்கு குறிப்பிட வேண்டும். இருபது பேர் நான்கு வாரங்கள் அங்கேயே தங்கவைக்கப்பட்டனர். இரண்டு வாரங்கள் தொழிற்சாலைகளில் மிகையாகப் பதனிடப்பட்ட உணவும், இரண்டு வாரங்கள் பதனிடப்படாத உணவும் வழங்கப்பட்டன. முன்வைக்கப்பட்ட கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு யாவும் இரண்டிலும் சமமாகவே இருந்தன. விரும்பிய அளவு உண்ணலாம். பதனிடப்பட்ட உணவை உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் ஐந்நூறு கலோரி மேலதிகமாக உண்டு, இரண்டு வாரங்களில் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை கூடினர். மனவுறுதி குறைந்தவர்களே உணவைக் கட்டுப்படுத்த இயலாதவர்கள் என்று கூறிவருவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மொறுமொறுப்பின் ஓசைக்கும் இதில் பங்குண்டு. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் ஸ்பென்ஸும் அவரது சகாவும், கிழங்குப் பொரியலைக் கடிக்கும் ஓசையைக் கூட்டிக் கேட்கச் செய்தால் உண்பவர் அது புத்தம் புதியது என்று நம்புவதாக 2004 ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர். நையாண்டியான 'இக் நோபல்' பரிசு 2008 இல் அவர்களுக்குக் கிடைத்தது. நகைப்புக்குரியதாயினும், பக்கற்றின் சரசரப்பு முதல் கடிக்கும் ஓசை வரை எதனை உற்பத்தியாளர்கள் கவனத்திற்கொள்கின்றனர் என்பதை இது புலப்படுத்துகின்றது.

அப்படியானால் உப்பின் மீதான இந்த அவா உடலின் தேவையா? பெரும்பாலானோரைப் பொறுத்தவரை இல்லை என்பதே பதில். உலக சுகாதார ஸ்தாபனம் வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கின்றது. அது ஒரு தேக்கரண்டியை விடச் சற்றுக் குறைவாகும். உலக மக்களின் சராசரி நுகர்வோ இதன் இரு மடங்குக்கும் மேற்பட்டது. கருவாடும் மாசிச் சம்பலும் ஊறுகாயும் மோர் மிளகாயும் அன்றாட உணவாகவுள்ள எமது நாட்டில் உப்புக் குறைபாட்டால் எவரும் மிக்சரை நாடுவதாகக் கருத இடமில்லை. இது பழக்கத்தின் அழைப்பேயாகும்.

பழக்கம் என்பதால் அது மாறக்கூடியது. இதற்குச் சான்றும் உண்டு. பிலடெல்பியாவிலுள்ள மொனெல் நிலையத்தின் ஆய்வாளர்கள் உப்பைக் குறைத்து உண்டவர்களைச் சில மாதங்கள் தொடர்ந்து அவதானித்து 1982 ஆம் ஆண்டு தமது முடிவை வெளியிட்டனர். ஆரம்பத்தில் உணவு சப்பென்றிருந்ததாக உணர்ந்தவர்களே, இரண்டு மூன்று மாதங்கள் கழிந்ததும் முன்னர் விரும்பிய உப்பின் அளவை அதிகமெனக் கருதத் தொடங்கினர். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று கூறும் சமூகத்தில் முதல் மூன்று வாரங்களைக் கடப்பதே கடினம். எமது வீட்டிலும் அந்நாட்களில் சாப்பாட்டு மேசையில் சண்டை நடக்காத குறைதான். தேசிக்காய்ப் புளியும் மிளகும் கறிவேப்பிலையும் உள்ளியும் அக்காலத்தில் பெரிதும் கைகொடுத்தன. புளிப்பும் உறைப்பும் முன்னே நின்றால் உப்பின் குறை நாவுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒரேயடியாக உப்பை நிறுத்தியவர்கள் ஒரு வாரத்தில் இரு மடங்கு உப்புடன் திரும்பியதையும் கண்டிருக்கின்றோம். மேலும், அயடின் எமக்குப் பெரிதும் உப்பின் வழியாகவே கிடைப்பதால் அதனை முற்றாக ஒழிப்பது உகந்ததுமல்ல.

அவா எழும் நேரத்தைக் கவனிப்பது அடுத்த காரியம். எமக்கு அது இரவு பத்து மணி. பலருக்கு மாலை நான்கு மணி. மதிய உணவில் சோற்றுடன் ஒரு கரண்டி பருப்பு, சிறிது மீன் அல்லது முட்டை, ஒரு கீரை என்பன போதியளவு இருந்தால் மாலையில் வடையின் கவர்ச்சி குறைவதைக் காணலாம். காலையில் பாணும் சம்பலும், மதியத்தில் அவசரமாக ஒரு பணிஸும் என்று ஓட்டியவருக்கு மாலையில் எழுவது உண்மையான பசியே. அதனை மனவுறுதியால் வெல்ல முயல்வது வீண். தண்ணீர் குடித்தால் அவா அடங்கும் என்று கூறுவர். எமக்கு அது ஒருபோதும் பயனளித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

உறக்கக் குறைவும் இதில் சேரும். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 2004 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், பன்னிரண்டு இளைஞர்கள் இரண்டு இரவுகள் நான்கு மணித்தியாலங்கள் மாத்திரமே உறங்க அனுமதிக்கப்பட்டனர். பசியைத் தூண்டும் ஓமோன் அதிகரித்தது. நிறைவைத் தரும் ஓமோன் குறைந்தது. இனிப்பும் உப்புத் தீனியும் மாச்சத்தும் வேண்டுமென்ற நாட்டம் கணிசமாகக் கூடியது. இரவுப் பணியாளர்களும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் ஏன் பக்கற்றை நாடுகின்றனர் என்பதற்கு இது ஓரளவு விளக்கமளிக்கின்றது.

எமது தேநீர்க்கடைகளின் வழக்கம் ஒன்றும் எடை குறைப்போருக்குப் பகையானது. கேட்காமலேயே ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை நிறைந்த தட்டு மேசைக்கு வந்துவிடும். உண்டவற்றுக்கு மட்டும் பணம் கொடுக்கலாம். கண்முன் இருக்கும் தட்டை அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு பேசுவது எவருக்கும் எளிதன்று. அமர்ந்தவுடனேயே ஒன்றைத் தெரிவுசெய்து எடுத்துவிட்டு, "தம்பி, இதை எடுத்துக்கொண்டு போங்கோ" என்று கூறிவிடுவதே சிறந்த உபாயம். எவரும் கோபித்துக்கொள்வதில்லை. வீட்டிலும் இதே முறைதான். பக்கற்றிலிருந்து நேரடியாக உண்ணாது, ஒரு சிறு கிண்ணத்தில் கொட்டிவிட்டுப் பக்கற்றைக் கட்டி அலுமாரியில் வைத்துவிட வேண்டும். கிண்ணம் முடிந்தால் முடிந்ததுதான்.

மாற்று உணவு எம்மிடையே தாராளமாக உண்டு. வெங்காயமும் செத்தல் மிளகாயும் இட்டுத் தாளித்த அவித்த கடலை நூறு கிராமில் ஏறத்தாழ 160 கலோரி மட்டுமே உண்டு. புரதமும் நாரும் இருப்பதால் வயிறும் நிறையும். அவித்த சோளன், அவித்த பயறு, எண்ணெயின்றிப் பொரித்த சோளப்பொரி, கெக்கரிக்காய் ஆகியனவும் அவ்வாறே. திருவிழாக் கச்சான் நல்ல உணவே ஆயினும் கணக்கில் எடுக்கப்பட வேண்டியது. வறுத்த கச்சான் நூறு கிராமில் 570 கலோரிக்கு மேல் இருக்கின்றது. கோதுடன் வாங்கி ஒவ்வொன்றாக உடைத்து உண்பவர் குறைவாகவே உண்பார். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காயையும் அம்பரெல்லாவையும் பற்றிக் கேட்போர் உண்டு. எடைக்கு அவை கேடில்லை. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அந்த உப்பு நல்லதல்ல.

நோன்பு காலத்தில் இப்பிரச்சினை வேறு வடிவம் பெறுகின்றது. பேரீச்சம்பழத்துடன் தொடங்கும் நோன்பு திறப்பு, சமோசாவிலும் ரோல்ஸிலும் கட்லட்டிலும் போய் நிற்பதால், மாத முடிவில் எடை கூடியிருப்பதாகக் குறைபடும் முஸ்லிம் நண்பர்கள் பலர் எமக்குண்டு. நோன்புக் கஞ்சி வயிற்றை நிரப்பும் நல்ல உணவு. கஞ்சியை முதலில் அருந்தி, தொழுகையை முடித்துவிட்டு வந்தபின் பொரித்தவற்றை நோக்கினால் இரண்டுக்குப் பதிலாக ஒன்றே போதுமாகிவிடுவதாக ஒரு நண்பர் கூறினார். ஸஹர் உணவில் கருவாட்டையும் ஊறுகாயையும் தவிர்ப்பது மறுநாள் தாகத்தையும் குறைக்கும். தீபாவளி, நத்தார், பெருநாள் நாட்களில் வீட்டுக்கு வீடு பரிமாறப்படும் பலகாரத் தட்டை மறுக்க வேண்டியதில்லை. தட்டுத் தீர்ந்த பின்னரும் கடைப் பக்கற்றுகள் தொடர்வதே சிக்கலாகும்.

கடையில் வாங்குவோருக்குச் சட்டம் ஓர் உதவியைச் செய்துள்ளது. மென்பானங்களின் சீனிக்கு 2016 ஆம் ஆண்டு அறிமுகமான நிறக்குறியீடு, 2019 ஆம் ஆண்டு பொதி செய்யப்பட்ட திண்ம உணவுகளின் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. நூறு கிராமில் 1.25 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் சிவப்பு நிறம் காட்டப்பட வேண்டும். உப்பும் கொழுப்பும் இரண்டும் சிவப்பாக இருக்கும் பக்கற்றை எடை குறைப்பவர் தட்டில் திரும்ப வைத்துவிடலாம். ஆனால் பொலித்தீன் பையில் கட்டித் தொங்கவிடப்படும் மிக்சரும் தெருவோர வடையும் எந்த நிறத்தையும் காட்டுவதில்லை.

சோடியம் குறைந்த மாற்று உப்பைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்படுகின்றது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அது நன்மை தரக்கூடியதாயினும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆபத்தை விளைவிக்கலாம். சிறுநீரக நோய் பரவலாகவுள்ள வட மத்திய மாகாணத்திலும் வவுனியாவிலும் வாழ்வோர் வைத்தியரைக் கேளாமல் அதனைப் பாவிக்கலாகாது. அதேபோன்று, இதுவரை இல்லாத கடும் உப்பு வேட்கை திடீரெனத் தோன்றி, களைப்பும் எழும்பும்போது தலைசுற்றலும், முயலாமலே எடை குறைவதும், தோல் கறுப்பதும் உடன் காணப்பட்டால், அதிரினல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோயாகவும் இருக்கலாம். அரிதானதே எனினும் உடனடியாக வைத்தியரை நாட வேண்டிய நிலை அது.

நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. எமது சக ஊழியர் ஒருவர் ஐம்பத்திரண்டு வயதில் பாரிசவாதத்தால் வலது கையை இழந்தவர் போலானதை நேரில் கண்ட பின்னரே, ஆசிரியபீடத்தின் இரவுப் பக்கற் பேச்சுப் பொருளானது. இப்போது வாரத்தில் ஐந்து நாட்கள் அவித்த கடலையே வருகின்றது. வெள்ளிக்கிழமை மட்டும் மிக்சர். எட்டுக் கிலோவில் ஐந்தரை குறைந்துள்ளது. எஞ்சிய இரண்டரைக் கிலோவுக்கு வெள்ளிக்கிழமைதான் காரணம் என்று வீட்டில் கூறுகின்றனர்.