பிகானேருக்கு வரும் பனிக்காலக் கழுகுகள்

தமிழில் கழுகு என்னும் ஒரே சொல்லால் இருவகைப் பறவைகளைக் குறிக்கிறோம். வேட்டையாடி உண்ணும் கழுகு ஒன்று. பெரும்பாலும் இறந்த விலங்குகளை உண்டு வாழும் பாறு மற்றொன்று. திருக்கழுக்குன்றத்திற்குப் புகழ் சேர்த்தவை உண்மையில் மஞ்சள்முகப் பாறுகளே. இவ்விரு வகைகளையும் பெருந்திரளாக ஒரே இடத்தில் காண விரும்புவோர், ராஜஸ்தானில் பிகானேர் நகரையடுத்த ஜோர்பீர் காப்பகத்திற்குச் செல்லலாம்.

ஏறத்தாழ 56 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த வறண்ட நிலம் 2008-ஆம் ஆண்டு பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அழகிய காட்சியை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவார். சுற்றுவட்டாரத்தில் இறக்கும் மாடுகள், ஒட்டகங்கள் ஆகியவற்றின் உடல்கள் இங்குதான் கொண்டுவந்து இடப்படுகின்றன. துர்நாற்றம் கடுமையானது. தெருநாய்களும் மிகுதி, ஆதலால் வாகனத்தை விட்டு அதிகம் விலகாதிருப்பது நன்று. ஆயினும் குளிர்காலக் காலைப்பொழுதில், வெயில் ஏறி நிலம் சூடாகும்வரை வன்னி மரங்களிலும் மணல்மேடுகளிலும் கழுகுகள் அமைதியாக அமர்ந்திருக்கும் காட்சி மறக்கவியலாதது. வெப்பக்காற்று எழத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாக வட்டமிட்டு மேலேறும்.

இவற்றுள் பெரும்பான்மையானது ஸ்டெப்பிக் கழுகு. விரித்த சிறகின் அகலம் 2 மீட்டர் அளவுக்கு இருக்கும். வாயோரத்து மஞ்சள் கோடு கண்ணின் பின்புறம் வரை நீண்டிருப்பது இதன் அடையாளம். இளம் பறவைக்குச் சிறகின் அடியில் அகன்ற வெண்பட்டை உண்டு. கஜகஸ்தான், ரஷ்யா, மங்கோலியா நாடுகளின் புல்வெளிகளில் இது குஞ்சு பொரிக்கிறது. கஜகஸ்தான் தேசியக் கொடியில் சூரியனுக்குக் கீழே பறப்பதும் இக்கழுகே. 2019-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் சில கழுகுகளின் உடலில், இருப்பிடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் கருவிகளைப் பொருத்தியிருந்தனர். அவற்றுள் ஒன்று அலைபேசித் தொடர்பற்ற பகுதியில் கோடையைக் கழித்துவிட்டு ஈரானுக்குள் நுழைந்து, தேங்கிக்கிடந்த செய்திகள் அனைத்தையும் வெளிநாட்டுக் கட்டணத்தில் அனுப்பித் தீர்த்தது. ஆய்வுக்கான தொகை கரைந்து, அவர்கள் கடன் வாங்க நேர்ந்தது. அந்தக் கடன் விண்ணப்பத்தில் காரணம் என்ன எழுதப்பட்டதோ!

இத்தனை தொலைவு கடந்து வரும் பறவைக்கு உண்மையான ஆபத்து, அது உண்ணும் சடலத்திலேயே இருக்கக்கூடும். வலிக்காக மாட்டிற்குப் போடப்படும் டைக்ளோஃபினாக் ஊசிமருந்து, மாடு சில நாள்களில் இறந்துவிட்டால் உடலிலேயே தங்கிவிடுகிறது. அதை உண்ணும் பாறுகளின் சிறுநீரகம் செயலிழக்கிறது. நம் நாட்டின் வெண்முதுகுப் பாறுகள் 99 விழுக்காட்டிற்கும் மேல் அழிந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். 2006-இல் கால்நடைகளுக்கு இம்மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாடுகளுக்குத் திருப்பிவிடப்பட்டமையால், 2015-இல் குப்பியின் அளவும் 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. இதற்கிடையில், ராஜஸ்தானின் சடலக் கிடங்கொன்றில் இறந்துகிடந்த 2 ஸ்டெப்பிக் கழுகுகளின் உடலிலும் இம்மருந்து இருந்ததாக 2014-இல் ஆய்வொன்று வெளியானது. பாறுகளுக்கு மட்டுமே தீங்கு என்ற எண்ணம் அத்துடன் பொய்த்தது. அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ஆகியவையும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன. மெலாக்சிகாம் இப்பறவைகளுக்குப் பாதுகாப்பான மாற்று மருந்து.

கறவை மாட்டுக்கான காப்பீட்டுக் கோரிக்கை வரும்போது காதுவில்லையின் எண்ணைச் சரிபார்க்கிறோம். இறப்புச் சான்றிதழைக் கேட்கிறோம். கடைசியாகப் போட்ட ஊசி எது என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை, ஜோர்பீர் சென்று வரும் வரையில். இப்போது கடன் வழங்கும் நாளிலேயே மெலாக்சிகாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்கிறேன்.

செல்ல விரும்புவோர் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் செல்க. கம்பளி உடையும் இருகண் நோக்கியும் தேவை. மார்ச் மாதத்தில் கழுகுகள் வடக்கு நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும்.