கல்லீரற் புற்றும் வீங்கிய சிரைகளும்

கல்லீரலில் புற்றுநோய் கண்டவருக்கு அப்புற்று ஒன்றே பகை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆயினும் அந்நோயாளரில் சிலர், புற்று முற்றுவதற்கு முன்னரே திடீரென இரத்த வாந்தி கண்டு உயிரிழக்கின்றனர். இதன் காரணத்தையும், இதனை முன்கூட்டி அறியச் சி.டி. படம் உதவும் வகையையும் நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை வரைகிறோம்.

சிரைகள் வீங்குவது ஏன்?

இரைப்பை, குடல், மண்ணீரல் ஆகியவற்றின் இரத்தம் போர்ட்டல் சிரை என்னும் பெருங்குழாய் வழியே கல்லீரலுக்குட் பாய்கிறது. ஹெபடைடிஸ் கிருமிகளாலோ, மதுவினாலோ, கொழுப்பு மிகுவதாலோ கல்லீரல் நாளடைவில் தழும்பேறி இறுகும். இதனைச் சிரோசிஸ் என்பர். கல்லீரற் புற்றில் பெரும்பகுதி இவ்வாறு இறுகிய கல்லீரலிலேயே தோன்றுகிறது.

மடை அடைபட்டால் வாய்க்கால் நீர் கரையை மீறிச் சிறு கால்களிற் பாய்வதை வயலிற் காண்கிறோம். அதுபோலவே, வழியடைபட்ட இரத்தம் உணவுக் குழலிலும் இரைப்பையிலும் உள்ள மெல்லிய சிரைகளிற் புகுந்து அவற்றைப் பருக்கச் செய்கிறது. புற்று போர்ட்டல் சிரைக்குள்ளேயே வளர்ந்துவிடின் அழுத்தம் இன்னும் ஏறும். கல்லீரலின் இருபுறமும் உள்ள இரத்த அழுத்தத்தின் வேறுபாடு இயல்பாக 5 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேற்படுவதில்லை. அது 10 ஆனால் சிரைகள் பருக்கக்கூடும். 12 ஆனால் அவை வெடிக்கும் அபாயம் உண்டு.

படம் காட்டுவதும் காட்டாததும்

இச்சிரைகளை நேரிற் காண்பதற்கு வாய்வழியே குழாய் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியே முதன்மையான சோதனை. ஆனால் கல்லீரற் புற்றுடையோர் பலருக்குப் புற்றை அளப்பதற்காக, நரம்பில் மருந்தேற்றிச் சி.டி. படம் எப்படியும் எடுக்கப்படுகிறது. மருந்து ஏற்றிய சுமார் 70 விநாடிகளில் எடுக்கும் படத்தில், பருத்த சிரைகள் உணவுக் குழலின் சுவரில் வெண்மையாய்த் தெரியும். 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவற்றைப் பெரியவை எனக் கொள்வர். குழாய்ச் சோதனைக்கு எட்டாத வெளிச் சிரைகளையும், போர்ட்டல் சிரையிற் புகுந்த புற்றையும் இப்படம் காட்டும். ஒரே படத்தை இருமுறை படித்தால் இரண்டு பயன்.

எனினும், வெடிக்கப்போகும் சிரையின் மேல் காணும் செந்நிறக் கோடுகளைச் சி.டி. காட்டாது, சிறிய சிரைகள் தப்பிவிடலாம். ஆகவே ஐயமுள்ளவிடத்து எண்டோஸ்கோப்பி செய்தே தீரவேண்டும்.

இக்காலத்தில் இதன் அவசியம் மிகுந்துள்ளது. 2020-ஆம் ஆண்டில் அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்து அளிக்கும் சிகிச்சை, முந்திய சோராஃபெனிப் மருந்தைவிட ஆயுளை நீட்டுவதாக நிறுவப்பட்டது. ஆனால் பெவாசிசுமாப் இரத்தப் போக்கை உண்டாக்கக்கூடும். எனவே சிகிச்சைக்கு முன்னரே சிரைகளின் நிலை தெரிந்தாக வேண்டும். யாருக்குக் குழாய்ச் சோதனை மிக அவசரம் என்பதை, கையிலுள்ள படமே டாக்டருக்குச் சுட்டிக்காட்டலாம்.

பெரிய சிரைகள் தெரியவந்தால் வழியுண்டு. கார்வெடிலால் போன்ற மாத்திரை அழுத்தத்தைத் தணிக்கும். உணவுக் குழலின் சிரைகளுக்கு ரப்பர் வளையமிட்டுக் கட்டலாம். இரைப்பைச் சிரைகளைப் பசை மருந்து செலுத்தி அடைக்கலாம்.

நாம் செய்யவேண்டுவன

பழைய சி.டி. படங்களைப் பத்திரமாய் வைத்திருங்கள். "உணவுக் குழலின் சிரைகள் இதில் எவ்வாறுள்ளன?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மலம் தார்போற் கறுத்தாலோ, இரத்த வாந்தி கண்டாலோ கைமருந்திற் காலங்கழிக்காது உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்குதல் ஆகாது.

வருமுன் காப்பது இன்னும் சிறந்தது. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவியுங்கள். நிலக்கடலை பயிரிடுவோர் அறுவடையை நன்கு உலர்த்திச் சேமித்தல் வேண்டும். ஈரக் கடலையிற் படரும் பூஞ்சணத்தின் அஃப்ளடாக்சின் நஞ்சும் கல்லீரற் புற்றுக்கு ஒரு காரணம். பூஞ்சணம் பிடித்த கடலையை உண்ணாமலும் விற்காமலும் ஒதுக்குவது, நம் வீட்டுக்கும் ஊருக்கும் நாம் செய்யும் கடமையாகும்.