துளையில்லாத துளைகள்

ஐரோப்பாவில் பாதையோரங்களிலும் புல்வெளிகளிலும் தானாக முளைக்கும் செடி அது. இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்தால், யாரோ ஊசியால் குத்திவைத்ததுபோல் புள்ளிபுள்ளியாக வெளிச்சம் கசியும். தடவிப் பார்த்தால் ஓர் ஓட்டைகூட இருக்காது. ஒவ்வொரு புள்ளியும் கண்ணாடிபோல் தெளிந்த, நுண்ணிய எண்ணெய்ப் பை.

புனித யோவானின் பிறந்தநாள் ஜூன் 24. அதையொட்டி மஞ்சளாகப் பூப்பதால் ஆங்கிலத்தில் இதற்கு ‘செயின்ட் ஜான்ஸ் வோர்ட்’ என்று பெயர். ‘வோர்ட்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் செடி. பூ மஞ்சள்தான், மொட்டை நசுக்கினால் விரல் சிவக்கும். அந்தச் சாயம் ஹைப்பெரிசின். இச்செடியை நிறைய மேய்ந்த ஆடுகள் வெயிலில் நின்றால் தோல் வெந்துபோகும்; சாயம் ஒளியை வாங்கித் தோலைப் புண்ணாக்கிவிடுகிறது.

இதே செடியின் சாற்றை ஜெர்மனியில் லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் மாத்திரையாக எழுதிக்கொடுக்கிறார்கள். வழக்கமான அளவு நாளொன்றுக்கு 900 மில்லிகிராம். மூளையில் வேலை செய்வதாகக் கருதப்படும் முக்கியப் பொருள், அந்தக் கண்ணாடிப் பைகளில் சேரும் ஹைப்பர்ஃபோரின். ஒரு நாள் மாத்திரையில் அது ஓரிரு அரிசிமணியின் எடைதான் இருக்கும்.

அந்தத் துளி என்ன செய்கிறது? இரண்டு நரம்பணுக்களுக்கு நடுவே ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி உண்டு. ஓர் அணு செரோடோனின் போன்ற சேதிப்பொருளை அதில் கொட்டும். அடுத்த அணு சேதியைப் படிக்கும். உடனே முதல் அணு, கொட்டியதைத் திரும்ப அள்ளிக்கொள்ளும். இதற்கு மீளுறிஞ்சல் என்று பெயர். வழக்கமான மனச்சோர்வு மருந்துகள் பல, அள்ளும் பம்பின் வாசலிலேயே போய் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொள்கின்றன. சேதிப்பொருள் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்குகிறது.

ஹைப்பர்ஃபோரின் வாசல் பக்கமே போவதில்லை. அணுவுக்கு வெளியே சோடியம், உள்ளே இருப்பதைப்போல் பத்து மடங்கு. அணையில் தேங்கிய தண்ணீர் இறங்கும் வேகத்தில் சுழலி சுற்றுவதுபோல, சோடியம் உள்ளே பாயும் வேகத்தில்தான் அந்தப் பம்பு ஓடுகிறது. ஹைப்பர்ஃபோரின் வேறொரு மதகைத் திறந்து சோடியத்தை உள்ளே விட்டுவிடுவதை ஆய்வகத்தில் கண்டார்கள். நீர்மட்ட வித்தியாசம் குறைகிறது, சுழலி மெதுவாகிறது. செரோடோனின், டோபமின், நோரட்ரீனலின் என எல்லாப் பம்புகளும் இதே அணையை நம்பியிருப்பதால் ஒரே மதகில் அத்தனையும் மந்தமாகின்றன.

நோயாளிக்குக் குணம் தெரிகிறதா? 2008இல் 29 ஆய்வுகளை, மொத்தம் 5,489 நோயாளிகளை, ஒருசேரப் பரிசீலித்தார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட இது மேல் என்றும், வழக்கமான மருந்துகளுக்கு ஏறத்தாழ நிகர் என்றும் முடிவு வந்தது. ஜெர்மன் பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் 2002இல் அமெரிக்காவில் 340 பேரிடம் நடந்த ஆய்வில் இது போலி மாத்திரையை முந்தவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த பிரபல மருந்தான செர்ட்ராலினும் முக்கிய அளவுகோல்களில் முந்தவில்லை!

கதை மூளையோடு முடியவில்லை. கல்லீரல் அணுக்களுக்குள் ஒரு காவலாளி உண்டு: பி.எக்ஸ்.ஆர். என்னும் புரதம். அந்நியப் பொருள் உள்ளே நுழைந்தால் மோப்பம் பிடித்து, அதைச் சிதைக்கும் நொதிகளைத் தயாரிக்கச் சொல்லும். ஹைப்பர்ஃபோரின் இந்தக் காவலாளியை அடித்து எழுப்பிவிடுகிறது. ஆனால் திரண்டு வரும் நொதிப் படைக்கு ஆள் அடையாளம் தெரியாது. நாம் விழுங்கிய மற்ற மருந்துகளையும் சேர்த்துச் சிதைக்கிறது.

2000இல் எட்டுப் பேருக்கு இரண்டு வாரம் இந்தச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் உடலில் இண்டினாவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தின் மொத்த அளவு 57 விழுக்காடு குறைந்தது. பத்து ரூபாய்க்கு மருந்து சாப்பிட்டு நாலு ரூபாய் சொச்சத்துக்குப் பலன் பெறுவதுபோல. அதே ஆண்டு சூரிச்சிலிருந்து ஒரு செய்தி: மாற்று இதயம் பொருத்திக்கொண்ட இருவர் இந்த மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறார்கள். புதிய இதயத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் சரிந்து, நிராகரிப்பு தொடங்கிவிட்டது. மூலிகையை நிறுத்தியதும் மருந்தின் அளவு மீண்டது. கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் ஆகியவற்றையும் இதே நொதிப்படை பலவீனமாக்கும். மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தாலோ செரோடோனின் அளவு மீறி நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். மாத்திரையை நிறுத்தினாலும் படை கலைய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

“மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது” என்பது நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை. விளைவு உள்ள பொருளுக்குப் பக்கவிளைவும் உண்டு. இந்த மஞ்சள் பூவுக்கு இரண்டும் உண்டு. மனம் சோர்ந்து கிடந்தால் மருத்துவரிடம் போங்கள். “வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று அவர் கேட்கும்போது, மூலிகை மாத்திரையின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள்.