சின்னதாய்ப் போன சட்டை சும்மா கிடக்கலாமா?

பிறந்த குழந்தையை முதலில் எதில் சுற்றுகிறோம்? அம்மம்மாவின் தோய்த்துத் தோய்த்து மென்மையான நூற்சேலையில், அல்லது அப்பப்பாவின் பழைய வேட்டித் துண்டில். ஏணையும் அப்படித்தான். மூத்தவன் உறங்கிய அதே சேலையில் இளையவளும் உறங்குவாள். பிள்ளைக்குப் பழையது கொடுப்பதை எங்கள் ஊர்களில் யாரும் குறைவாக எண்ணியதில்லை.

ஊரில் இருந்தபோது இதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அக்காவின் பிள்ளைக்குச் சின்னதாய்ப் போன சட்டை தங்கச்சியின் பிள்ளைக்கு வந்தது. ஒரு நடைவண்டி ஒழுங்கை முழுவதும் சுற்றித் திரிந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோதும், 2009 இல் வன்னியில் இடத்துக்கிடம் ஓடியபோதும் நாம் பொருள்களை இழந்தோம். கைக்குக் கை மாறும் அந்த ஒழுங்கையும் இழந்தோம். அக்கா ஓரிடம், தங்கச்சி வேறிடம். அயலில் இருப்பவர் எந்த ஊர் என்றே தெரியாது. ஒரு வீட்டில் சின்னதாய்ப் போன சப்பாத்து சாக்குக்குள் கிடக்க, அடுத்த வீட்டுப் பிள்ளை சப்பாத்து இல்லையென்று பாடசாலைக்குப் போகாமல் நிற்கிறது.

பாடநூல்களை 1980 முதலும், சீருடைத் துணியை 1993 முதலும் அரசு இலவசமாகக் கொடுத்து வருகிறது. ஆனால் ஒரு சீருடை ஐந்து நாட்களுக்குப் போதாது. மாரியில் அது காய்வதும் இல்லை. காணியை விட்டு வந்து கூலிக்குப் போகும் தகப்பனுக்கு இரண்டாவது சீருடை ஒரு சுமை.

எப்படித் தொடங்கலாம்?

முன்பள்ளியிலோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ ஒரு பெட்டி வையுங்கள். இரண்டு தாய்மார் பொறுப்பெடுக்கட்டும். உடுப்பு, சப்பாத்து, புத்தகப்பை, நுளம்புவலை ஆகியவற்றை வயதுப்படி பிரித்து வையுங்கள். கொடுத்தவரின் பெயரை எழுத வேண்டாம். கூட்டம் கூட்டிக் கொடுக்கவும் வேண்டாம். “இது என்ர பழைய சட்டை” என்று ஒரு பிள்ளை வகுப்பில் சொல்லிவிட்டால், மற்றப் பிள்ளை அதை மறுநாள் போடாது. தெறியை மாற்றி, ஒரு பொக்கற் வைத்துத் தைத்தால் சட்டையின் முகமே மாறிவிடும்.

எடுத்தவர், பிள்ளை வளர்ந்ததும் அதைத் திரும்பப் பெட்டியில் சேர்க்க வேண்டும். அப்போது அது பிச்சையாகாது, கைமாற்று ஆகும். கொடுக்க உடுப்பு இல்லாதவர் தைத்துக் கொடுக்கலாம். தச்சுவேலை தெரிந்தவர் உடைந்த நடைவண்டியைத் திருத்திக் கொடுக்கலாம்.

கொடுக்குமுன் கவனிக்க

• துணிகளைச் சவர்க்காரமிட்டுத் தோய்த்து, நல்ல வெயிலில் இருபுறமும் காயவிடுங்கள்.

• வீட்டில் சொறி சிரங்கு இருந்தால் சுடுநீரில் தோயுங்கள். தோய்க்க முடியாதவற்றைப் பொலித்தீன் பையில் ஒரு வாரம் இறுகக் கட்டி வையுங்கள். உடம்பை விட்டுப் பிரிந்தால் அந்தப் பூச்சி அதிக நாள் உயிர்வாழாது.

• ஆடும் தெறியை இறுக்குங்கள், கழுத்து நாடாவை அகற்றுங்கள். தெறி தொண்டையில் அடைக்கும், நாடா கழுத்தை நெரிக்கும்.

• நுளம்புவலையின் ஓட்டைகளைத் தையுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பதால் குழந்தை பகலில் தூங்கும்போதும் வலை தேவை.

கொடுக்கக் கூடாதவை

பழைய சூப்பிப் போத்தல், மிஞ்சிய மருந்து, பெயின்ற் உரியும் பழைய விளையாட்டுச் சாமான் ஆகியவை வேண்டாம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். பயிருக்கு மருந்தடிக்கும்போது உடுத்த துணியைக் கிழித்துக் குழந்தைக்குப் பயன்படுத்தவே கூடாது. உரப்பையைக் குழந்தைக்குப் பாயாக விரிக்கவும் வேண்டாம்.

நெல் அறுத்ததும் விதைநெல்லை ஒதுக்கி வைப்பவர்கள் நாம். அடுத்த போகத்தை நினைத்தே வைக்கிறோம். பிள்ளையின் சட்டையையும் அப்படியே பாருங்கள். கட்டி வைத்த சாக்கை இன்றே அவிழ்த்துப் பாருங்கள். அதற்குள் ஒரு பிள்ளை நாளை பாடசாலைக்குப் போட்டுச் செல்லும் சப்பாத்து இருக்கலாம்.