சாரலில் இரண்டு நாள்

ஆனி மாதம். மதுரையில் வெயில் கொளுத்துகிறது. சென்னையில் வியர்வை வழிகிறது. அதே நேரத்தில், தென்காசியில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக் கொள்கிறார்கள். மழைக்காக அல்ல; சாரலுக்காக!

இது எப்படி? கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறித்து விடுகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அந்த மழை எட்டுவதில்லை. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம் மலையில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த வாசல் வழியாக ஈரக்காற்று உள்ளே நுழைகிறது. தென்காசி காசி விசுவநாதர் கோவில் கோபுர வாசலில் நின்று பாருங்கள். காற்று ஆளைத் தள்ளும்!

அதே பருவத்துக் காற்று கிழக்கே போகப் போக ஈரம் வற்றி விடுகிறது. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டில் செம்மணலை வாரி இறைக்கிறது. ஒரு பக்கம் அருவி. இன்னொரு பக்கம் பாலைவனம் போன்ற மணல் மேடு. பஸ்ஸில் போனால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்து விடலாம்.

ஓய்வா, ஓட்டமா?

தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோ மீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன். பலர் சனிக்கிழமை வருகிறார்கள். பேரருவியில் இடித்துப் பிடித்து வரிசையில் நிற்கிறார்கள். தலையை நனைக்கிறார்கள். பிரானூரில் புரோட்டா சாப்பிடுகிறார்கள். ஞாயிறு இரவு, வந்ததை விடக் களைத்துப் போய் வீடு திரும்புகிறார்கள். ஓய்வுக்குப் போய் ஓய்ந்து வருவது என்றால் இதுதான்!

குற்றாலத்தின் சுகம் குளியலில் பாதி, நடையில் பாதி. பேரருவிக்கு மேலே, மலையில் செண்பகாதேவி அருவி இருக்கிறது. அங்கே வண்டி போகாது. காட்டுப் பாதையில் நடந்துதான் ஏற வேண்டும். கல்லும் வேரும் நிறைந்த வழி. ஒரு பக்கம் சிற்றாறு சலசலத்துக் கொண்டே வரும். சிறிது தூரத்தில் மூச்சு வாங்கும். நின்று, பாறையில் உட்கார்ந்து, மறுபடி நடக்கலாம். யாரோடும் பந்தயம் இல்லை. மேலே அருவிக்கு அருகே செண்பகாதேவி அம்மன் கோவில் இருக்கிறது.

ஜப்பானியர்கள் இப்படிக் காட்டில் மெல்ல நடப்பதை "காட்டுக் குளியல்" என்கிறார்கள். 1982-ல் அந்நாட்டு வனத்துறையே இதற்குப் பெயர் சூட்டி மக்களை அழைத்தது. மரங்களுக்கிடையே நடந்தவர்களின் ரத்த அழுத்தம் குறைவதை அங்கே சோதித்தும் பார்த்தார்கள். குற்றாலத்தில் காட்டுக் குளியலும் அருவிக் குளியலும் ஒரே நாளில் கிடைக்கும்!

உயிர் முக்கியம்

ஆனால் ஒன்று. வனத்துறை அனுமதி இல்லாமல் மேலே காலடி வைக்கக் கூடாது. "நாலு பேர்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்று குறுக்கு வழியில் நுழைகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு செய்திகள்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்தது. மலையேறப் போனவர்கள் பலர் கருகி இறந்தார்கள். அந்த ஆண்டுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டு வந்தது.

2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் மக்கள் குளித்துக் கொண்டிருந்தார்கள். திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. அலறிக் கொண்டு ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். பள்ளிப் பருவம்! விடுமுறைக்கு வந்த இடம்!

கீழே வெயில் அடிக்கலாம். மேலே மழை கொட்டிக் கொண்டிருக்கலாம். சரிவான பாறையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காது. அப்படியே உருண்டோடி, சிறிது நேரத்தில் அருவிக்கு வந்து விடும். தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் வந்தால், அருவியின் ஓசை மாறினால், உடனே வெளியே வர வேண்டும். சோப்பையும் துண்டையும் தேடிக் கொண்டு நிற்கக் கூடாது. சோப்புக்கு அங்கே தடை என்பது வேறு விஷயம்!

2024 அக்டோபரில் தமிழக அரசு, வழிகாட்டியோடு மலையேறும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மாநிலம் முழுவதும் 40 பாதைகள் அதில் உண்டு. முன்பதிவு செய்து கொண்டு போகலாம். தேனருவி இன்னும் மேலே இருக்கிறது. பெயரைக் கேட்டு ஆசைப்பட வேண்டாம். அங்கே தேனோடு தேனீயும் இருக்கிறது.

அனுமதி கிடைக்காத நாளில்?

மனம் சோர வேண்டாம். விடியற்காலையில் இலஞ்சிப் பக்கம் வயல் வழியே நடந்து குமாரர் கோவிலைப் பார்த்து வரலாம். குற்றாலநாதர் கோவிலைச் சேர்ந்த சித்திர சபைக்குப் போகலாம். நடராசரின் ஐந்து சபைகளில் அது ஒன்று. சுவர் முழுவதும் ஓவியங்கள். பாட்டிமார் உட்கார்ந்து கதை சொல்ல, பேரன் பேத்திகள் கேட்க, அதை விட நல்ல இடம் வேண்டுமா?

திரும்பும்போது கடைத்தெருவில் ரம்புத்தானும் மங்குஸ்தானும் குவிந்திருக்கும். வாங்கிப் பையில் போட்டு, பையை இறுக மூடிக் கொள்ளுங்கள். குற்றாலத்துக் குரங்குகளுக்கு எந்தப் பையில் பழம் இருக்கிறது என்பது தெரியும்!